எல்லாவற்றுக்கும் 'பலே' சொன்னவன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது ஒருவருக்கும் இருந்ததாகத் தகவல் இல்லை. யாராவது வழி கேட்டால், நாங்களே போயிராத இடத்துக்குக்கூடக் கையை நீட்டி வழி காட்டிவிடுவோம். (அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரித்ததில்லை.) இந்தப் பரம்பரைச் சொத்தோடுதான் நான் ஆப்கானியர்கள் பேசும் தாரி மொழி படிக்கப் புறப்பட்டேன்.

அப்போது திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், குடிநீர்த் திட்டங்கள் செய்யும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பம்ப் திருத்தும் வேலை எனக்கு. எங்கள் கந்தோரிலிருந்து ஒருவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்போவதாகக் கதை வந்தது. நல்ல சம்பளம், அதற்கு மேல் விமானப் பயணம். நான் அதுவரை ஏறியதில் பெரிய வாகனம் மூதூர் படகுதான். போட்டியில் நானும் என் கூட்டாளி ரஞ்சனும் நின்றோம். தீர்மானிக்கிறவர் எங்கள் தலைமை இஞ்சினியர் ஹமீத். காபூல்காரர். மனைவி நர்கிஸோடு உவர்மலையில் வாடகை வீட்டில் இருந்தார்.

ரஞ்சன் பம்பைப் பற்றிப் படித்தான். நான் புத்திசாலி அல்லவா, கொழும்பிலிருந்து சட்டைப்பைக்குள் அடங்கும் தாரிப் புத்தகம் ஒன்றை வரவழைத்தேன். பயணிகளுக்கு வேண்டிய வசனங்கள் எல்லாம் அதில் இருந்தன. லிங்கநகர் வீட்டில் பல் தீட்டும்போதே பாடம் தொடங்கிவிடும். என் மனைவி சுமதி தேத்தண்ணி தந்தால் 'தஷக்கூர்' என்று நன்றி சொல்வேன். மீன்காரரைக் கண்டால் 'ஷஃபாகானா குஜாஸ்த்', ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்பேன்.

"தம்பிக்கு என்ன, தொண்டை கட்டிப்போச்சோ?" என்று அவர் சுமதியிடம் கவலையாக விசாரித்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'பலே'. தாரியில் அதற்கு 'ஆம்' என்று அர்த்தம். (நமக்கு அது பாராட்டு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் முதுகை நானே தட்டிக்கொள்வது போல இருக்கும்.)

ஹமீத் எங்கள் இருவரையும் தனித்தனியே வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு அழைத்தார். ரஞ்சன் முதல் நாளே போய் ஆங்கிலத்தில் கதைத்துவிட்டு வந்தான். நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனேன். வாசலில் நின்றபடியே 'சலாம், சித்தோர் அஸ்தேன்' என்று நலம் விசாரித்தேன். மனிதருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த நர்கிஸ் குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தார். அதன்பிறகு ஹமீத் தாரியிலேயே பொழியத் தொடங்கினார். 'சேர், கொஞ்சம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? குரலை ஏற்றி அவர் நிறுத்திய இடமெல்லாம் 'பலே' என்றேன்.

புறப்படும் நேரம் வந்தது. விடைபெற 'ஹுதா ஹாஃபிஸ்' என்று புத்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறன்' என்று வாய் திறந்து சொல்வது அபசகுனம். 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வருஷம் அந்தப் பக்கமே தலைகாட்டாவிட்டாலும் குற்றமில்லை. 'ஹுதா ஹாஃபிஸி'ல் வருவதைப் பற்றி ஒன்றையும் காணவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எதற்கு வீண் வில்லங்கம் என்று, இரண்டு பக்கங்களிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி நானே ஒரு வசனம் கட்டினேன்.

"மன் மேரவம், பஸ் மேயாயம்." நான் போகிறேன், திரும்பி வருகிறேன்.

ஹமீத் மகிழ்ந்துபோய் அடுக்கடுக்காக ஏதோ கேட்டார். பலே, பலே, பலே. நர்கிஸ் குசினிக்குள் விரைந்தார். நான் காற்றில் மிதந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

"அவர் கதைச்சது விளங்கினதோ?" என்று சுமதி கேட்டாள்.

"ஒரு சொல் விடாமல் விளங்கினது."

வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் மரக்கறிச் சமையல். வயிறு முட்டப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டு நான் ஏப்பம் விட்ட நேரம், கந்தோர்ச் சாரதி செல்வம் போனில் வந்தான்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? இஞ்சினியர் ஐயா உங்களை ஏத்திவரச் சொல்லி நிக்கிறார். திரும்பி வாறனெண்டு சொன்னீங்களாம். சுமதி அக்காவையும் மாமா மாமியையும் கூட்டிவருவீங்களோ எண்டு கேட்டவராம், ஓம் எண்டீங்களாம். ஆட்டிறைச்சிக்கும் ஓம் எண்டீங்களாம். அதுகள் இன்னும் சாப்பிடாமப் பாத்துக்கொண்டு இருக்குதுகள்."

"ஆடோ? வெள்ளிக்கிழமையிலயோ?" என்றாள் சுமதி.

மாமாவும் மாமியும் சாம்பல்தீவில் அந்நேரம் படுத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். விரிப்பில் எங்கள் வம்சத்துக்கே போதுமான சாப்பாட்டுக் கோப்பைகள் அடுக்கியிருந்தன. நடுவில் கரட்டும் முந்திரிகை வற்றலும் தூவிய சோற்று மலை. அதற்குள் ஆடு. ஹமீதும் நர்கிஸும் ஒரு வாய்கூடத் தொடாமல் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அந்த வெட்கத்திலும் உண்மை வாயில் வரவில்லை. சாப்பிடத்தான் வாய் திறந்தது. சுமதி முந்திரிகை வற்றலை மட்டும் பொறுக்கினாள். நர்கிஸ் அகப்பையோடு வந்து ஏதோ கேட்கும்போதெல்லாம் நான் வழக்கம்போலப் 'பலே' என்றேன். கோப்பை நிறைந்துகொண்டே இருந்தது.

ஒருவழியாக எழும்பினோம். சுமதி நர்கிஸின் கையைப் பிடித்து, "சரி அக்கா, போட்டு வாறம்" என்றாள். நர்கிஸ் என்னைப் பார்த்தார். நான் கடமை தவறாமல், பின்னேரம் கட்டிய அதே வசனத்தில் மொழிபெயர்த்தேன்.

நர்கிஸ் திரும்பிக் காலியான சட்டியைப் பார்த்தார். ஹமீத் மெதுவாக, "இன்றைக்கேயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதற்கு மேல் சுமதியால் பொறுக்க முடியவில்லை. தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் போட்டுடைத்தாள். "சேர், இவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. பின்னேரமும் விளங்கேல்லை, இப்பவும் விளங்கேல்லை."

ஹமீத் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். இப்படிச் சிரிக்க வைத்தவனை விடுவாரா, எனக்குத்தான் காபூல் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ரஞ்சனின் பெயர் வந்தது. ஹமீத் என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அனுப்பவில்லை. இங்கே விளங்காமல் ஆம் என்றால் சோறு கிடைக்கும். எங்கள் நாட்டுத் தெருக்களில் விளங்காமல் ஆம் என்றால் உங்கள் உடம்பைத்தான் நான் சுமதியிடம் அனுப்ப வேண்டிவரும்." இந்த முறை எனக்கு உண்மையாகவே ஒரு சொல் விடாமல் விளங்கியது.

இப்போதும் நான் போனைப் பார்த்தபடி எதற்காவது 'ஓம்' என்றால், "இது ஓமோ, பலேயோ?" என்று சுமதி கேட்பாள். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே ஒரு நாள் மட்டும் அவள் கேட்காமல் விட்டாள். ஈச்சிலம்பற்றிலிருந்து அவளுடைய தங்கை குடும்பம் பள்ளி விடுமுறை முடியும்வரை வந்து நிற்கட்டுமா என்று அவள் கேட்டு, நான் போனைப் பார்த்தபடி 'ஓம்' என்ற நாள் அது. என் கட்டிலில் இப்போது சகலன் குறட்டை விடுகிறார். இதை நான் குசினியில் ஒரு கதிரையில் இருந்து எழுதுகிறேன்.