சக்கரம் கழுவப் போய்

செட்டிபாளையம்.

அன்பு மச்சான் திவாகரனுக்கு,

பனிச்சங்கேணியில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. உங்கள் அக்கா சீதேவிப்பிள்ளை நல்ல சுகம். எனக்குத்தான் நிம்மதி இல்லை. காரணம் எங்கள் மகள், உங்கள் மருமகள் விதுர்ஷா. கல்லடியில் வாவிக்கரையோடு புதிதாகத் திறந்திருக்கிற ஓவிய நூதனசாலைக்கு இனிமேல் தனியாகத்தான் போவாளாம். சக்கரக் கதிரையில் இருக்கிற பிள்ளை தனியாகப் போவதா? தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். நீங்கள்தான் மறிக்க வேண்டும்.

போன கிழமை நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படியே கிடையாது, எல்லாம் சாய்வுப் பாதை. மற்றவர்கள் மெச்சுகிறார்கள், எனக்குப் பயம்தான் வந்தது. கதிரை பின்னால் உருண்டால் நேரே வாவிதானே! நல்லகாலம், தோணி கட்டுகிற கயிறு கொண்டு போயிருந்தேன். ஒரு முனையைக் கதிரையிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினேன். "அப்பா, ஆக்கள் பாக்குறாங்க, அவிழுங்க" என்றாள். பார்த்தால் பார்க்கட்டும். மேலே போனால் கண்ணாடி மாதிரித் தரை. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், நாம் கால் கழுவினால் அவளுக்குச் சக்கரம் கழுவுவோம், கோயிலிலும் அப்படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை இழுத்து வந்து இரண்டு சக்கரத்தையும் தேய்த்துக் கழுவினேன். வாசற்காவலர் முஹம்மட் ஓடிவந்தார். "ஐயா, என்ன செய்றீங்க? இஞ்ச ஒருத்தரும் கால் கழுவுறல்ல!" "அப்ப தரை ஊத்தையாகாதா?" என்று திரும்பினேன், ஈரத்தில் வழுக்கி, கால் பிரண்டு விழுந்தேன். விதுர்ஷா வெட்கத்தில் திரும்பிப் பாராமல் உள்ளே உருட்டத் தொடங்கிவிட்டாள். கயிறு இருக்கிறதே! "இண்டைக்கு என்ன, கதிரை இப்பிடிப் பாரமா இரிக்கு?" என்றபடி முதலாவது படம் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முஹம்மட் தம்பி கயிற்றை அவிழ்த்து, வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கிற சக்கரக் கதிரை ஒன்றில் என்னை இருத்தினார். மச்சான், அங்கே படங்களைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நிற்கிறவர்கள் குனிகிறார்கள், எங்கள் இருவருக்கும் கண்ணுக்கு நேரே. "இஞ்சதான் அப்பா நான் ஒண்டையும் அண்ணாந்து பாக்கத் தேவையில்ல" என்றாள். இத்தனை வருடமாகக் கதிரைக்குப் பின்னால் நின்று தள்ளியிருக்கிறேன். ஒன்றைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி மலர்கிறது என்று அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் பயமும் கூடிப்போயிற்று. அந்த முகத்தோடு தனியாகப் போனால் வழியில் என்னவெல்லாம் நடக்கும்? தயவுசெய்து மறித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். வட்டையில் நெல் நன்றாக விளையட்டும்.

அன்புள்ள அத்தான்,
வினாயகமூர்த்தி

பி.கு.: மறிக்க வேண்டாம். இன்று காலை எங்களுக்குத் தெரிந்த றம்ஸீனின் ஓட்டோவில் தனியாகப் போய்ச் சுகமாக வந்து சேர்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போவாளாம். அப்பாவுக்குக் கால் நோவு இன்னும் மாறவில்லையே என்று, பக்கத்தில் இருக்க எனக்கும் ஒரு கதிரை எடுத்துவைக்கும்படி முஹம்மட்டிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நோவு எப்போதோ மாறிவிட்டது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.