என் உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றியது?

மரியாதைக்குரிய மூத்த சகோதரி மிட்சுயே அவர்களுக்கு,

பிளம் பழுக்கும் காலத்து மழை ஓய்ந்து, கோபேயில் சில்வண்டுகள் காது கிழியக் கத்தத் தொடங்கிவிட்ட இந்நாளில், தாங்களும் தங்களுடைய இரண்டு முழங்கால்களும் தொத்தோரியில் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இங்கே நானும் மகன் ரியோஜியும் மருமகள் சிசாதோவும் சுகம். தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுவது முறை என்பதால் எழுதினேன்.

தங்களுக்கு நான் கடிதம் போட்டு இருபது வருடமாகிறது. டிசம்பர் தோறும் 'எங்கள் வீட்டில் துக்கம், ஆகையால் புத்தாண்டு வாழ்த்து வேண்டாம்' என்று ஓர் அட்டை வந்திருக்குமே, அது கடிதத்தில் சேராது. முதல் வருடம் என் மாமனாருடைய தம்பி இறந்தது உண்மை. அதற்கப்புறம் ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எதிர்வீட்டுக் கிழவர், ரியோஜியின் பழைய வாத்தியார், ஒரு வருடம் எங்கள் மஞ்சள் குருவி என்று தேடித் தேடித் துக்கம் காத்தேன். அத்தனை சாவையும் மதிக்காமல் தாங்கள் ஜனவரி முதல் தேதி வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருந்தது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரே ஒரு விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

என் தலையில் இருக்கும் தீக்காயத் தழும்பு தங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன். எனக்கு நாலு வயது, தங்களுக்குப் பத்து. நாகாதாவில் ரப்பர் செருப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் நம் வீடு, பிப்ரவரி மாதம், பசை நாற்றம் உள்ளே வராமலிருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தோம். கரி அடுப்பில் மோச்சி அரிசிக் கட்டியை வாட்டித் தின்ன வேண்டும் என்று யாருக்கு ஆசை வந்தது? எனக்கு இல்லை. கெட்டிலை நகர்த்தியது யார்? நான் இல்லை. கொதிக்கிற தண்ணீர் நேரே என் உச்சந்தலையில் இறங்கியது. அம்மா ஓடி வந்து சூப்பில் கரைக்கும் மிசோ விழுதை ஒரு கை எடுத்து அப்பினாள். நான் சூப்புக்குத் தயாராக இருந்ததாக அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் என்னை முதுகில் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க ஓடி டாக்டர் வீட்டுக் கதவை உதைத்தது நீதான் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்றையும் மறைக்கிறவள் இல்லை.

அன்றிலிருந்து என் உச்சியில் உள்ளங்கையளவுக்கு ஒரு முடி கிடையாது. ஆற்றுக்குள் இருக்கும் கப்பா பூதத்துக்கு நடுமண்டை வழுக்கை, அதற்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர் என்பது எந்தக் குழந்தைக்குத் தெரியாது? பள்ளிக்கூடத்தில் என் மேசை மேல் தினம் ஒரு வெள்ளரிக்காய். அந்த ஹமாகுச்சி பையன்தான் தலைவன். பொதுக் குளியல் கூடத்து வாசலில் வைத்து நீ அவனை மரச்செருப்பால் அடித்தாய். அவன் அழுததும் நீ செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டு, "வா கினுயே, தண்ணி ஆறிடும்" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதும் நேற்று மாதிரி இருக்கிறது. ஹமாகுச்சியைப் போன வருடம் மருந்துக்கடையில் பார்த்தேன். தலை முழுவதும் வழுக்கை. நன்றாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்படி எனக்காக அடித்தவளே என் மகன் கல்யாண விருந்தில் என்ன செய்தாள்? இரண்டு கிண்ணம் சாகே உள்ளே போனதும் சம்பந்தி வீட்டார் எதிரில் எழுந்து நின்று, "எங்க கினுயே சின்ன வயசுல கப்பாங்க. மழை பெஞ்சா இவளைப் புடிச்சு வெக்கணும், ஆத்துக்கு ஓடிடுவா" என்று சொன்னாயா இல்லையா? மண்டபமே சிரித்தது. பெண்ணைப் பெற்ற அந்த மனுஷன் தன் தட்டில் இருந்த வெள்ளரிக்காய் ஊறுகாயை எடுத்து என் தட்டில் வைத்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க சம்பந்தி" என்றார். சாப்பிட்டேன். இருபது வருடமாகியும் அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இப்போது கேள். சிசாதோ வேலை பார்ப்பது துறைமுகத் தீவில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில். மனிதத் தோலைக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள், முடி வேரோடு. பழைய தீக்காயக்காரர்கள் வேண்டும் என்றதும் அவள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். உனக்கு எப்படியடி தெரியும், நான் வீட்டில்கூடத் தலைத்துணியை அவிழ்த்ததில்லையே என்று சண்டைக்குப் போனேன். "பெரியத்தை அன்னிக்கு விருந்துல சொன்னாங்களே அத்தை. அவங்க சொல்லலைன்னா நீங்க குளிருக்குத் துணி கட்டறீங்கன்னே நானும் நெனச்சிருப்பேன்" என்கிறாள். ஆக, எனக்கு ஒரு நல்லது நடக்கப் போகிறது என்றால் அது உன் வாயால் வந்ததாக இருக்கிறது. இதை எப்படி நான் பொறுத்துக்கொள்வது?

காதுக்குப் பின்னால் ஒரு பருப்பளவு தோலை எடுத்தார்கள். அதை ஏதேதோ செய்து முதலிலிருந்து பிறக்க வைத்து, சிவப்புத் தண்ணீரில் போட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். புத்தாண்டு காலையில் நான் சூப்பை ஊற்றி வைத்திருக்கிறேன், சிசாதோ கோட்டை மாட்டிக்கொண்டு, "உங்க தோலுக்கு சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன் அத்தை" என்று ஓடுகிறாள். எனக்கு ஒருநாள் அப்படி ஓடியிருப்பாளா? ஆனால் விஷயம் எனக்குப் புரிந்தது. அம்மா கொடுத்த ஊறுகாய்த் தவிட்டுப் பானை மாதிரிதான். ஒருநாள் கை போட்டுக் கிளறாவிட்டால் கெட்டுவிடும். ஆய்வுக்கூடத்து டாக்டர் செகிகாவாவிடம், "ஒரு காஞ்ச மிளகாய் போட்டு வெச்சா பூஞ்சை புடிக்காது" என்று சொன்னேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். நல்ல வளர்ப்பு. ஆனால் முதல் கிண்ணத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இரண்டாவது கிண்ணத்துத் தோலைச் சோதனைக்காக ஓர் எலியின் முதுகில் ஒட்டினார்கள். சிசாதோ போனில் படம் காட்டினாள். அக்கா, வழுவழுவென்று கறுப்பு முடி. எனக்குத் தலையெல்லாம் நரைத்து, என் பதினெட்டு வயது முடி ஓர் எலியின் முதுகில் இருக்கிறது. நான் தொழிற்சாலை வேலைக்குப் போன நாளில் செருப்புப் பசையோடு சிக்குப் பிடித்த அந்த முடியை ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சீவிவிடுவாயே, அதே முடி. படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எலிக்கு நல்ல சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறை. எலி மேல் அந்த முடி நாலு திக்கிலும் குத்திட்டு நின்றது. ஆகவே என் தலையில் வைக்கும்போது ஒவ்வொரு முடியையும் இந்தப் பக்கம் சாய் என்று சொல்லி வைக்கப்போகிறாராம் டாக்டர். உச்சி என்பதால் சுழி அங்கேதான் வர வேண்டும்.

"உங்க சுழி எந்தப் பக்கமா சுத்தும்மா? ஞாபகம் இருக்கா?"

"நாலு வயசுல என் உச்சந்தலையை நான் எப்படிப்பா பாத்திருப்பேன்?"

"போட்டோ ஏதாவது?"

"பூகம்பத்துல வீடே எரிஞ்சுபோச்சு. போட்டோ மட்டும் தனியா நடந்து வெளியே வருமா?"

"வலப்பக்கம்னு போட்டுக்கோங்க" என்று நானே சொன்னேன். இடப்பக்கம் சுற்றினால் பிடிவாதக்காரி என்று நம் தெருவில் சொல்வார்கள். உன்னுடையது இடப்பக்கம். குளியல் கூடத்தில் உனக்கு முதுகு தேய்த்த அத்தனை வருடமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தேய்த்தேன். என்னுடையது வலமாகத்தானே இருக்க முடியும்? சிசாதோ இருமினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியார் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த தேதிகூடச் சொல்வேன். என் சொந்தத் தலை மட்டும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் அம்மா, அப்பா, கோடி வீட்டுப் பாட்டி என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கெட்டில் விழுவதற்கு முன்னால் என்னை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்ததும், குளிப்பாட்டியதும், சீவியதும் நீதான். என்னை முழுதாகப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். அதனால் கேட்கிறேன். வலமா, இடமா? என்னைச் சீண்டுவதற்காக இடம் என்று சொல்லாதே. நான் வருத்தப்படுவேன் என்று வலம் என்றும் சொல்லாதே. உள்ளதைச் சொல். ஒரு அட்டையில் ஒரு வட்டம் போட்டு அம்புக்குறி வைத்தால் போதும். வேறெதுவும் எழுத வேண்டாம். நேரில் வர வேண்டிய அவசியம் சுத்தமாக இல்லை.

வெயில் ஏறிக்கொண்டே போகிறது. வெறுந்தலையோடு பேரிக்காய்த் தோட்டத்துக்குப் போகாதீர்கள். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் அடக்கமான நாக்கோடும் வளரக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இன்னும் மன்னிக்காத தங்கை,
கினுயே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சிசாதோ டாக்டரிடமிருந்து செய்தி கொண்டுவந்தாள். சுழி எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதானாம், முடி வளர்ந்து சீவத் தொடங்கினால் யாருக்கும் தெரியாதாம். என் மனத்திருப்திக்காகத்தான் கேட்டாராம். ஆக, மேலே எழுதிய எதற்கும் அவசியம் இல்லை. அட்டை போடாதே, உனக்கு வட்டம் போடவும் வராது. அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன். அதற்கு முன்னால் ரயிலேறி வந்து, என் தலையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போ. டாக்டருக்கு வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டும்.