நூலகர் வீட்டு ஈரம்

"ஏங்க, உங்க பொத்தான் மறுபடியும் கார்ப்பெட்ல ஒண்ணுக்குப் போயிடுச்சு!"

தலைமை நூலகர் செய்தித்தாளை மடித்தார். பொத்தான் என்பது உள்ளங்கையளவு நாய்க்குட்டி. கம்பளம், மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டும் ஒரே வீட்டில் குப்பை கொட்ட முடியாது என்பது நேற்றே தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவை நனைஞ்சா, என் தங்கச்சி வந்து தூக்கிட்டுப் போயிடுவா. சொல்லிட்டேன்."

"பயிற்சின்னா பொறுமை வேணும்டி. நாய் வளர்ப்பைப் பத்தி நாலு புத்தகம் படிச்சிருக்கேன்."

"அதுவும் படிச்சிருக்கணுமே!"

குட்டியைக் கொண்டுவந்து விட்ட அன்றே கொழுந்தியாள், "அத்தான், நாங்க இதை எப்படிப் பழக்கினோம்னா..." என்று ஆரம்பித்தாள். நாலு புத்தகம் படித்தவரிடமா? உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்ஷ்!" என்றுவிட்டார்.

நூலகத்தில் அந்த "ஷ்ஷ்ஷ்"க்கு மரியாதை போய் வெகுகாலமாகிவிட்டது. வாசகர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அரட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வீட்டில் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

புத்தகம் சொன்னபடி குட்டியைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் போல் மௌனமாக நின்றார். குட்டி வண்ணத்துப்பூச்சியைத் துரத்தியது. அவர் செருப்பைக் கடித்தது. வந்த வேலையை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குஷியில் குரைத்தது. நூலகப் பாணியில் அதை அடக்கினார். கம்பளம் நனைந்தது.

கம்பளத்தைச் சுருட்டி வைத்தார். இது என்ன புது மிருகம் என்று குட்டி அதைப் பார்த்துக் குரைத்தது. விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். தரை நனைந்தது. துடைக்க வந்த மனைவி, வழுக்கிய வேகத்தில் சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

குட்டியைத் தன் படிப்பறைக்கு மாற்றினார். அங்கே அது சிணுங்கியது. கதவைத் திறந்து அவர் மறுபடி விரலை உதட்டில் வைத்ததும், தரையில் விரித்து வைத்திருந்த நாய் வளர்ப்புப் புத்தகங்கள் நாலும் நனைந்தன.

மனைவி தங்கைக்குப் போன் போட்டாள்.

சேதி தெரியாத குட்டி, அவர் பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டது. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

கொழுந்தியாள் கூடையோடு வந்து நின்றாள். நூலகர் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு வாரம் குடும்மா. எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துடறேன்."

பழகிய முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பொத்தான் வாள் வாளென்று குரைத்தது.

"ஷ்ஷ்ஷ்!"

சட்டை வெதுவெதுவென்று நனைந்தது.

"பாத்தியாடி?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்ன பேச்சு கேக்கற ஜென்மமா இது?"

கொழுந்தியாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, பச்சைக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி 'ஷ்ஷ்ஷ்'னு சொல்லித்தான் இதை ஒண்ணுக்குப் போகவே பழக்கினோம், இந்த வீட்ல அத்தான் சொன்ன உடனே கேக்கறது இது ஒண்ணுதான்!"