மாடிக்கும் கீழுக்கும் நான் சுமந்த அயற்கூற்று

ஆண்டவன் அருளால் நீண்ட ஆயுளும் நல்ல செரிமானமும் பெற்று வாழும் என் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே யாவரும் நலம். தண்ணீர் மோட்டாரை யார் ரிப்பேர் செய்வது என்ற சண்டையில் உன் அத்தானும் மாடியில் இருக்கும் அவர் தம்பியும் பேச்சை நிறுத்தியது மட்டும்தான் நலமில்லை.

நீ அனுப்பிய இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தில், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்கிற அயற்கூற்றுப் பாடத்துக்கு வந்துவிட்டேன். என்ன படிப்பு தம்பி அது! ஒருத்தர் கத்தினால், கத்தினார் என்று எழுதிவிட்டுப் போக முடியாதாம். மேற்கோள் குறியையும் ஆச்சரியக் குறியையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்தது வருத்தமா, வியப்பா, வேண்டுகோளா என்று நாமே பார்த்து 'வருத்தத்துடன் கூறினார்' என்று எழுத வேண்டுமாம். வரவு செலவை உள்ளபடி எழுதியே பழகிய எனக்கு, மனுஷன் மனசைத் திறந்து பார்க்கச் சொல்கிற இலக்கணம்! படித்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நாம தினம் கத்துறதெல்லாம் சாமி காதுக்கு இப்படித்தான் மாறிப் போய்ச் சேருதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டையே காலி பண்ணுவதாக மூட்டை கட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் தபால்காரி நான்தானே. "போய்த் தொலையட்டும்! நானே சாமானை வண்டியில ஏத்தி விடுறேன்னு சொல்லு!" என்றார் உன் அத்தான். படியேறும்போதே அதை அயற்கூற்றாக மாற்றிக்கொண்டு போய், "சாமான் ஏற்றத் தாமும் வந்து உதவுவதாக அண்ணன் வருத்தத்துடன் கூறினார்" என்றேன். கொழுந்தனார் கட்டின பெட்டிமேலேயே உட்கார்ந்துட்டார்.

"அண்ணனா, அண்ணி? வருத்தத்தோடயா?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சினார். "முதுகுவலிய வச்சுக்கிட்டு அவர் எங்க சாமான் தூக்குறது? அறிவிருக்கான்னு கேளுங்க!"

கீழே வந்து, முதுகைப் பற்றித் தம்பி கவலையுடன் விசாரித்தார் என்றேன். உன் அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு தாமே மாடி ஏறிப் போனார். மூட்டை எல்லாம் அவிழ்ந்தாச்சு. எனக்கு இன்னும் உடம்பு சிலிர்த்தபடியே இருக்கு தம்பி.

உன் வீட்டில் யார் கத்தினாலும் அதற்குள்ளிருக்கும் அன்பே உன் காதில் விழ ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு வார்த்தை. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். "நான் எப்படா வருத்தப்பட்டேன்?" என்று குதித்த உன் அத்தான் இப்போது என்னோடு பேசுவதில்லை, எல்லாம் அவர் தம்பி மூலம்தான். "அந்தப் புளுகுமூட்டை காபி போடுவாளா மாட்டாளான்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு, அண்ணி" என்று ஒரு எழுத்து மாற்றாமல் வந்து நிற்கிறார். பாவம், இலக்கணம் படிக்காதவர்.