உப்பு வெந்நீரும் கலர் மாத்திரையும்

வலிக்காத பல்லுக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. வலித்தால்தான் அது பல். அதுவரை வாயில் ஏதோ ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் பல் மருத்துவம் படித்துவிட்டு, அதிலும் "வலி வருவதற்கு முன்பே வாருங்கள்" என்று கூவிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்தேன் பாருங்கள், என்னைப் போல் ஒரு அப்பாவி (மரியாதைக்காக இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன்) உலகத்தில் இருக்க முடியாது.

எங்களுடையது குடும்ப கிளினிக். மாமனார் பல் பிடுங்குவார். சொத்தைப் பல்லோடு அவரிடம் போனவர்கள் பேச்சு முடிவதற்குள் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். என் கணவர் சங்கர் வேர் சிகிச்சை செய்வார். மாமியார் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தபடியே யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் வளைகாப்பு என்று விசாரித்து வைத்துக்கொள்வார். எனக்கு ஒதுக்கப்பட்டது தடுப்பு சிகிச்சை. அதாவது, சும்மா உட்கார்ந்திருப்பது. எனக்காக வாங்கிய மூன்றாவது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மாமியார் அதன்மேல் துவைத்த துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, வலியே இல்லாதவனுக்கு வைத்தியம்? அவன் வந்து என்கிட்ட இன்னா சொல்லுவான்? 'டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னா?" என்பார் மாமனார்.

நான் விடவில்லை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு முகாம் போடு. ஒரு மாசத்துக்குள்ள வலி இல்லாம நாலு பேர் வந்தாங்கன்னா அந்த நாற்காலி உன்னுது. வரலன்னா பேசாம என் பக்கத்துல வந்து நின்னு பல்லு புடுங்கு."

படித்த படிப்பெல்லாம் பல் பிடுங்கும் கொறடு பிடிக்கத்தானா? எப்படியாவது ஜெயித்தாக வேண்டும்.

யோசித்து யோசித்து அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்குத் தறி ஓடாது. நெசவாளர் தெருவே வீட்டில் இருக்கும். தெருக்கோடி பஜனை கோயில் கூடத்தில் முகாம். (மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லியிருப்பார். கேட்டால் என் கௌரவம் என்னாவது?)

என்னுடைய பிரம்மாஸ்திரம் ஒரு சின்னச் சிவப்பு மாத்திரை. மென்று வாயெல்லாம் சுழற்றித் துப்பினால், பல்லில் எங்கெல்லாம் அழுக்குப் படிந்திருக்கிறதோ அங்கெல்லாம் ரத்தச் சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். உதடு, நாக்கு, ஈறு எல்லாம் சிவக்கும். பிறகு நன்றாகத் தேய்த்தால் போய்விடும். எவ்வளவு அழுக்கு என்று கண்ணாலேயே பார்த்தால் திருந்திவிடுவார்கள் என்பது என் கணக்கு.

கூட்டம் நன்றாகவே வந்தது. மாத்திரை மென்றார்கள். ஒருவர் பல்லை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. எல்லோருக்கும் புது பிரஷ்ஷைக் கொடுத்து, "இப்போ தேயுங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

"காலைலயே வெளக்கிட்டேன்மா" என்றார் ஒருவர். "காப்பி குட்சி, டிபன் துன்னு, திருப்பியும் பல்லு வெளக்குவாங்களா யாராவது?" சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று என் கணவர் மைக்கைப் பிடுங்கினார். பல் டாக்டர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரே மந்திரம்தான். "சரி, தேய்க்க வேணாம். வெதுவெதுப்பான தண்ணில உப்பு போட்டுக் கொப்பளிங்க!"

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஏகாம்பரம் எழுந்தார். சாயப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். தெருவில் எந்த நிறத்தைப் பற்றியும் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வாயெல்லாம் சிவப்போடு நின்று அலறினார்:

"யோவ் டாக்டரு! உப்பும் வெந்நீரும் போட்டா சாயம் கெட்டியா புட்ச்சிக்கும்யா! சாயம் நிக்கறதுக்குத்தான்யா நாங்க அதைப் போடறோம்! ஒருத்தரும் வாயில தண்ணி ஊத்தாதீங்க! தேய்க்கவும் தேய்க்காதீங்க, உள்ள எறங்கிடும்! அப்டியே நெழல்ல ஒலத்துங்க!"

அவ்வளவுதான். சாயத்தைப் பற்றிச் சாயக்காரர் சொல்லிவிட்டார். நான் மைக்கில் கத்திய கத்தல் காற்றோடு போயிற்று. கொஞ்ச நேரத்தில் தெருவைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு நிழலில் நாற்காலி போட்டு, ஆண்களும் பெண்களும் வாயை 'ஆ' என்று திறந்து, பல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமைப் பார்க்க வந்திருந்த என் மாமனார் அந்தக் காட்சியைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிரஷ்களை அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "தேய்ச்சா போயிடும்மா, சத்தியமா போயிடும்." கதவுகள் சாத்திக்கொண்டன. "சாயம் பூசுனதே இந்தம்மா. இதும் பேச்சைக் கேக்கச் சொல்றியா?" என்று ஒரு வீட்டில் உள்ளிருந்து குரல் வந்தது.

சாயந்திரம் மாமியாரின் போனுக்கு ஏகாம்பரத்தின் மனைவி கஸ்தூரி அழுதுகொண்டே கூப்பிட்டார். அன்றைக்கு அவர்கள் மகன் பாலாஜிக்காக, பெண் வீட்டார் வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம். தறி ஓடாத நாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று அவர்களும் இந்த அமாவாசையையேதான் பிடித்திருக்கிறார்கள். வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். வீட்டில் ஒருவராலும் வாயைத் திறக்க முடியவில்லை.

"இந்தச் சம்பந்தம் கெட்டுதுன்னா, பல்லு பிடுங்கறதுக்குக்கூட அந்தத் தெருவுலேருந்து ஒருத்தரும் வர மாட்டாங்க. போ" என்றார் மாமியார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஓடினேன். பட்டுப்பாயில் பெண்ணின் அப்பா, அரிசி ஆலைக்காரர், தன் ஆட்களோடு இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஏகாம்பரம் வாயில் துண்டை வைத்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். மாப்பிள்ளை கர்ச்சீப். ஏதாவது கேட்டால் எல்லோரும் சேர்ந்து "ம்" என்றார்கள்.

"நல்லா கீதே" என்று ஆலைக்காரர் எழுந்தார். "ஊடு தேடி வந்தவங்கள 'வாங்க'ன்னு கூப்பிட இந்த ஊட்ல ஒரு வாய் கெடையாதா? எங்க பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்கபா. இப்டி அவமானப்படுத்தாதீங்க."

நான் குறுக்கே விழுந்தேன். முகாம், மாத்திரை, சாயம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன். பாலாஜி பாவம், பல்லைக் காட்டினான்.

"ஐயையோ!" என்று பெண்ணின் அத்தை பின்வாங்கினார். "குட்கா போடற குடும்பம்யா இது! எழுந்திருங்க!"

கஸ்தூரி விம்மினார். நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். ஒரு பையனின் கல்யாணத்தைக் கெடுக்கவா ஐந்து வருடம் கண்விழித்துப் படித்தேன்? அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. (எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப் போட வேண்டும்.)

"நீங்களே பாருங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டினேன். "அழுக்கு இருந்தாத்தான் இது ஒட்டும். நான் பல் டாக்டர். எனக்கு ஒட்டவே ஒட்டாது!"

மென்றேன். சுழற்றினேன். வாசலில் துப்பினேன். திரும்பி வந்து, வெற்றிப் பெருமிதத்தோடு எல்லோருக்கும் பல்லைக் காட்டினேன்.

 ஆலைக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"டாக்டரம்மா, மாப்பிள்ளையாவது பரவால்ல. உங்களுக்குத்தான்மா ரொம்ப ஒட்டிக்கினு இருக்குது."

முகாம் வேலையில் விடியற்காலையிலிருந்து ஓடியதில், அன்று பல் தேய்த்தேனா இல்லையா என்பதே எனக்கு நினைவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். ரத்தம் குடித்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

முதலில் பாலாஜி களுக்கென்றான். அடுத்து ஏகாம்பரம் துண்டை எடுத்துவிட்டுச் சிவப்புப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். சிரித்த வாயோடே, "வாங்க சம்பந்தி, உக்காருங்க!" என்றார். ஆலைக்காரருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உக்கார்றோம். மொதல்ல அந்தம்மா தேய்க்கட்டும். போவுதா பாப்போம்."

இரண்டு குடும்பமும் சுற்றி நிற்க, கொல்லைக் குழாயடியில் நான் பல் தேய்த்தேன். "அந்த ஓரத்துல இன்னும் இருக்குதும்மா", "கீழ் பல்ல உட்டுட்டியே", "உள்பக்கம் தேய்டி பொண்ணே" என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வழிகாட்டினார்கள். நான் கல்லூரியில் கற்றதையெல்லாம் ஓர் அரிசி ஆலைக்காரர் எனக்கே சொல்லித்தந்துகொண்டிருந்தார். என் பல் வெளுத்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்கள். அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அதைப் பார்க்க நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டேன். "கொறடு எந்த டிராயர்ல இருக்குன்னு காட்டுங்க மாமா" என்று மறுநாள் மாமனாரிடம் சொல்லியும் விட்டேன்.

ஆனால் மாதம் முடிவதற்குள் ஆட்கள் வந்தார்கள். முதலில் கஸ்தூரி, அடுத்து அந்தத் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பேர். வலி இல்லாமல்தான் வந்தார்கள். மாமியார் துண்டுகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்கம்மா" என்றேன் கஸ்தூரியிடம்.

"இருக்கட்டும். மொதல்ல நீ வாயத் தொற" என்றார் அவர். "நீ ஒழுங்கா வெச்சிருந்தாத்தான் நான் உக்காருவேன்."

திறந்தேன். நன்றாகப் பார்த்தபிறகே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே பார்த்தார்கள். இன்றுவரை எங்கள் கிளினிக்கில் அதுதான் நடைமுறை. காப்பி குடித்தால் தேய்க்கிறேன், வடை தின்றால் தேய்க்கிறேன், அடுத்தவர் உள்ளே வருகிறார் என்று மாமியார் குரல் கொடுத்தால் பிரஷ்ஷைத் தேடி ஓடுகிறேன்.

வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் மாமனார் ஆரம்பித்துவிடுவார். "எங்க மருமக முகாம் போட்டா. ஊரு திருந்துச்சான்னு கேட்டா தெரியாது. ஆனா ஒரே ஒரு ஆள் சுத்தமா திருந்திடுச்சி."

"யாருப்பா அது?" என்று கேட்பார்கள்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, இங்க வந்து கொஞ்சம் 'ஈ' காட்டிட்டுப் போ" என்பார்.

நானும் வந்து காட்டிவிட்டுப் போகிறேன்.