பங்கோர் தீவில் என் மூக்குக்கண்ணாடி போன கதை

எனக்கு நீச்சல் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் ஒரு மனிதனுக்குப் பெரிய வெட்கம் இருக்கத் தேவையில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, யாரும் கேட்காமலேயே, "லிங்கி ஆத்துல முதலையோட போட்டி போட்டு நீஞ்சுவேன் மாமா" என்று வருங்கால மாமனாரிடம் அளந்துவிட்டவனுக்கு அது கஷ்டம். (முதலை அந்த ஆற்றில் உண்டு. நான்தான் இறங்கியதில்லை.) அந்த வாய்க்கொழுப்புக்கு ஆறு வருடம் கழித்துப் பங்கோர் தீவில் கூலி கிடைத்தது.

நான் ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று வாசிப்பது என் வேலை. மனைவி புனிதா மம்பாவ்காரி. நாங்கள் தீவுக்குப் போன வருடத்துக்கு முந்தைய வருடம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதன் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. "சோறு போடவா", "கேட்ட சாத்துங்க", அவ்வளவுதான். அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை. நான் மட்டும், வானொலியில் வானிலை வாசிக்கிறவனைப் போல, "ஒன்னும் இல்ல புனிதா, எல்லாம் சரியாயிடும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிரம்பானில் இருக்கும் என் அண்ணன் மனைவிதான் (எங்கள் குடும்பத்தின் உள்துறை அமைச்சர்) ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஹனிமூனே போகல லா. எங்கயாச்சும் தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜோடியா படம் எடுத்து எனக்கு அனுப்பணும். சிரிச்ச முகமா!"

போனோம். ஹோட்டலில் ஜோடிகளுக்கான கேளிக்கைகள் என்று ஒரு தாள் தந்தார்கள். கிராணி புத்தி எங்கே போகும்? அதற்கு நேரம் குறித்து அட்டவணை போட்டேன். ஏழரைக்குக் கைகோத்துக் கடலோர நடை. பத்து மணிக்கு இருவர் துடுப்புப் போடும் கயாக். பொழுது சாயும்போது மணலில் மெழுகுவர்த்தி விருந்து. மறுநாள் காலை பால்கனியில் நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"பெரட்டு முடிஞ்சிச்சா?" என்றாள் புனிதா.

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நடையில் அவள் பத்தடி முன்னால் போனாள். நான் கோப்பதற்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கயாக் விடும் மலாய்க்காரப் பெரியவர் முதலில் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "பொலே பெரெனாங்?" என்றார். நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார். பக்கத்தில் புனிதா நிற்கிறாள். "பொலே, பொலே!" என்றேன், எதிர்க்கரைக்கே கேட்கும்படி. அவர் தந்த மிதவைச் சட்டையை மாட்டினேன். ஆனால் வாரைப் பூட்டவில்லை. (பூட்டினால் தொப்பை இரண்டாகத் தெரிந்தது. படத்துக்கு நன்றாக இருக்காதே!)

தலைவன் என்பதால் முன்னால் உட்கார்ந்தேன். நான் இடது பக்கம் முன்னோக்கிப் போட்டால் அவள் வலது பக்கம் பின்னோக்கிப் போட்டாள். கயாக் ஆட்டுக்கல் குழவி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் கத்தினேன். அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். அப்புறம் நான் ஒருவனே தள்ளி, கரைக்கும் எதிரே இருந்த குட்டித் தீவுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணியின் கட்டளை ஞாபகம் வந்தது. கைப்பேசியை எடுத்துத் திரும்பினேன்.

"கொஞ்சம் சிரி புனிதா."

"எதுக்கு?"

"அண்ணிக்கு அனுப்பணும் லா. நாம நல்லா இருக்கோம்னு தெரியணும்ல."

"நாம நல்லாவா இருக்கோம்?"

படத்தில் அவள் முழுதாக விழவேண்டுமென்று முழங்காலில் எழுந்தேன். கயாக் கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் போனவன் கடவுளைக் கூப்பிடுவான் என்பார்கள். நான் மாமனாரைக் கூப்பிட்டேன். "மாமா! மாமா!" (ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.) பூட்டாத சட்டை கழன்று தனியாக ஒரு திசையில் போனது. கைப்பேசியும் மூக்குக்கண்ணாடியும் கீழே போயின. நானும் அவற்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கை என் காலரைப் பிடித்தது.

"என் கழுத்த விடுங்க! கயாக்க புடிங்க! கால அடிங்க!"

கவிழ்ந்த கயாக்கையும் அதில் தொங்கிய கிராணியையும் புனிதா குட்டித் தீவுக்கு இழுத்துக்கொண்டு நீந்தினாள். மம்பாவ் பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டைகளில் அண்ணன்மாரோடு நீந்தி வளர்ந்தவளாம். ஒரு பாறைக்கடியில் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் இது தெரிந்தது. மழை கொட்டியது.

"நீச்சல் தெரியும்னு சொன்னதே இல்லியே நீ?"

"நீங்க கேட்டதே இல்ல."

நனைந்த தலைமுடியைப் பிழிந்தாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் பிள்ளைய பார்க்கக் கூப்பிட்டாங்க. ஏன் நீங்க உள்ள வரல?"

அன்று நான் வெளியே தாழ்வாரத்தில் நின்று, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அந்த வருடத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் மட்டும் பார்த்தேன்."

"பாப்பா எப்படி இருந்தா?"

சொன்னாள். தலை நிறைய முடியாம். என் மூக்காம். நகமெல்லாம் வளர்ந்திருந்ததாம். கண்ணாடி இல்லாமல் புனிதாவின் முகம் எனக்கு வெறும் மங்கலாகத் தெரிந்தது. குரல் உடைந்தபோதுதான் அழுகிறாள் என்று புரிந்தது. நானும் அழுதேன். இரண்டு பேருக்கும் பற்கள் தந்தியடித்தன.

மழை விட்டதும் பெரியவர் விசைப்படகில் வந்து எங்களை ஏற்றினார். "பெரெனாங் பொலே கொனோன்!" என்று வழி முழுக்க என்னை இடித்துக்கொண்டே வந்தார். (நீச்சல் தெரியுமாம்ல, பெருசா!)

மிச்சமிருந்த ஒன்றரை நாளும் எனக்குக் கண் தெரியவில்லை. புனிதாதான் கையைப் பிடித்து எங்கும் கூட்டிப் போனாள். ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு சீனப் பாட்டி எங்களைப் பார்த்து "சோ ஸ்வீட்" என்றார். விருந்தில் மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. புனிதா மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அதற்காக வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை. சில நாள் அடுப்படியில் நின்று அழுவாள். இப்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்வதில்லை. போய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் நான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனால்கூட, யாராவது ஒருவர் "மாமா! மாமா!" என்று அலறுவார்கள். மாமனார் இருந்தால், "இரு மாப்ள, வந்துட்டேன்!" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணிதான் கதையைச் சொல்வார், நடித்தும் காட்டுவார். அவர் கதையில் கயாக் கவிழும், "மாமா! மாமா!" கூச்சல் வரும், படகு வந்து ஏற்றும். பாறையடியில் பேசியதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது, அதையும் சேர்க்கலாமா என்று புனிதாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க" என்றாள். "அண்ணி மலாய் ஸ்கூல்ல படிச்சவங்க. தமிழ் வாசிக்க வராது."