வெள்ளிக்கிழமைக் குழம்பு

கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு நாகசுப்பிரமணியன் போட்ட சட்டம் என்றால் சட்டம்தான். உள்ளே நுழைகிற ரகசியச் சொல்லை அவரவர் வெள்ளிதோறும் மாற்ற வேண்டும். எங்கும் எழுதி வைக்கக் கூடாது, ஒருவருக்கு மேல் தெரியக் கூடாது. மூன்று தரம் தப்பாக அடித்தால் மறுநாள் வரை மெஷின் கதவைத் திறக்காது.

"மறந்துபோனா என்ன சார் பண்றது?" என்று கேட்டாள் கிளார்க் கிரிஜா.

"மறக்கறவாளுக்கு இங்கே வேலை இல்லை" என்று சீறினார். மேலதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அச்சடித்து எல்லா மேஜைக்கும் அனுப்பிவிட்டார்.

இப்போது எழுபத்து நாலாம் வருஷம், பிப்ரவரி, திங்கட்கிழமை காலை பதினொன்றரை. கடல் கடந்து வந்து அவர் குடியிருந்த ஊரான பியர்பொன்ட்ஸ் முழுக்கப் பனி. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு, ஆபீஸ் போக வழியில்லை. அவசரத்துக்கென்று கம்பெனி கொடுத்த, டெலிபோன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அடித்து அனுப்புகிற டெலிடைப் மெஷின் சாப்பாட்டு மேஜையில் உறுமியது. டெலிபோன் ரிசீவர் அதன் பக்கத்தில் ரப்பர் குழிகளில் கவிழ்ந்து கிடந்தது. சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் கிளம்பும். எந்தப் பெட்டிகள் ஏற வேண்டும் என்ற பட்டியலைப் பன்னிரண்டு மணிக்குள் இவர்தான் அனுப்ப வேண்டும். இரண்டு தரம் அடித்தாயிற்று, இரண்டும் தப்பு. இன்னொன்றும் தவறினால் கப்பல் போய்விடும், பின்னாலேயே வேலையும் போகும்.

மறக்காமலிருக்க ஐயா ஒரு தந்திரம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன குழம்போ, அதுதான் அந்த வாரத்து ரகசியச் சொல். குழம்பே மறந்துபோகும் என்று யார் கண்டது?

"அலமு!" சமையலறை வாசலில் நின்று குரலில் சர்க்கரை கலந்தார். "வெள்ளிக்கிழமை என்ன குழம்பு பண்ணினே?"

"எதுக்கு?"

"சும்மாதான். நன்னா இருந்தது."

அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா நன்னா இருந்ததுங்கறேள். ஜுரமா?"

"வத்தக்குழம்பும் இல்லை, மோர்க்குழம்பும் இல்லை..."

"என்ன சாப்பிட்டேள்னு தெரியலை, ஆனா நன்னா இருந்தது!"

"அலமு, மணி பதினொண்ணே முக்கால்!"

"அதுக்கென்ன?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அலமு நிதானமாக அடுப்பைத் தணித்தாள். "அதானே பார்த்தேன். மத்த நாளெல்லாம் பேப்பரைப் பார்த்துண்டே முழுங்கற மனுஷர், வெள்ளிக்கிழமை மட்டும் இன்னிக்கு என்ன குழம்புன்னு ஏன் கேக்கறார்னு."

"சொல்லேன்டி, தாயே!"

"பருப்புருண்டைக் குழம்பு. ரெண்டு தரம் போட்டுண்டேள்."

ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பட்டியல் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம்.

பயம் போனதும் அதிகாரம் திரும்பிவிட்டது. "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. ஒருத்தருக்கு மேல தெரியக் கூடாதுன்னு சட்டம்."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அப்போ சரி." அலமு கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "இனிமே வெள்ளிக்கிழமை நீங்களே சமைச்சுடுங்கோ. என்ன குழம்புன்னு எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கண்ணை மூடிண்டு சாப்பிடறேன்."